அசனத்துக்கு முதல் குடம்

சாலோமி டீச்சர் காலையிலிருந்தே ஓரிடத்தில் உட்காரவில்லை. சும்மாவா? ஒரு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி, வாங்கின ஏச்சையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துச் சேர்த்த கூட்டம் இது. இன்று கோயில் அசனம் முடிந்த கையோடு ஊர் முழுக்கக் கலெக்டர் மனுவில் கையெழுத்துப் போடப்போகிறது. பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற பட்டறையை ஊரை விட்டு அகற்ற வேண்டும், அவ்வளவுதான் மனு. பட்டறைக் கழிவு இறங்கிக் கோயில் கிணற்றிலேயே ஈயம் ஏறிவிட்டது என்று பாளையங்கோட்டையில் தண்ணீரைச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

அசனம் என்றால் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிற விருந்து. அதற்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று போதகரிடம் மன்றாடி, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான்.

பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் சமையல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் ஈரக் குடம் ஒன்று நின்றது.

"அண்ணாச்சி, இந்தக் குடம் ஏன் நனைஞ்சிருக்கு?"

சமையலுக்குப் பொறுப்பான ஞானசிகாமணி தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்கிடாதிய டீச்சரம்மா. எல்லாம் லாரித் தண்ணிதான். உலை வைக்கையில முதக் குடம் மட்டும் கோயில் கெணத்துல கோரி, ஜெபம் பண்ணி ஊத்துனேன். எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான? அது இல்லாம அசனம்னு எப்படிச் சொல்ல?"

"சோத்துலயா, குழம்புலயா?"

"ரெண்டுலயுந்தான்."

அடப் பாவி மனுஷா! பந்தியை நிறுத்தச் சொன்னால், அசனத்தைக் குப்பையில் கொட்டவைத்தவள் என்று ஊரே காறித் துப்பும். பட்டறை முதலாளி பாக்கியசீலன் இதற்காகத்தான் காத்திருக்கிறார். மனுவும் அதோடு போச்சு. ஒரு குடம்தானே, இத்தனை தண்ணீரில் என்ன செய்துவிடும்? ஐயோ, பாக்கியசீலன் ஒரு வருஷமாகச் சொல்லுகிற பேச்சல்லவா இது!

"யார்ட்டயும் சொல்லிராதிய" என்றாள் பைய.

பந்தி உட்கார்ந்தது. நாங்குநேரியிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கிறிஸ்டி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கரோலின், மடியில் கைப்பிள்ளை. ஊர் ஏசின நாளிலும் சாலோமியோடு கூடவே நடந்தவள் அந்தக் கரோலின். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. கிறிஸ்டி ஆசையாகப் பிசைந்தாள். சாலோமி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எந்திரி."

"ஏம்மா?"

"வீட்டுல போய்ச் சாப்பிடலாம். எந்திரிங்கேன்லா!"

பிள்ளைக்கு ஊட்டப்போன கரோலினின் கை நின்றது. "அவ மட்டும் ஏன் டீச்சர் எந்திரிக்கணும்?"

சாலோமி திரும்பிப் பார்த்தாள். பிள்ளை இன்னும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது.

"யாரும் வாயில வைக்காதிய! கெணத்துத் தண்ணி விழுந்திருக்கு!" என்று கத்தினாள்.

பந்தி முழுக்க எழுந்து நின்றது. யார் யாரோ ஏசினார்கள். பாக்கியசீலன் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதெல்லாம் சாலோமியின் காதில் ஏறவேயில்லை. கரோலின் உருண்டையை இலையில் போட்டுவிட்டு, பிள்ளையின் உதட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"உங்க மவ பந்தியில இல்லன்னா, எம்பிள்ளை தின்னிருக்கும். என்ன டீச்சர்?"