தெற்கே ஒரு கதவு

வாணியம்பாடி ஸ்டுடியோவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வாரா வாரம் ஆலங்காயத்தில் பஸ் மாறி மலையேறினேன். மலைக்கார இளைஞர்களுக்குப் போட்டோ தொழில் கற்றுக்கொடுக்க அரசாங்கம் என்னை அமர்த்தியிருந்தது. சாமை வயலின் பச்சைக்கு முன்னால் சிவப்புச் சேலையை நிறுத்தினால் கலர் படம் எடுப்பாக இருக்கும் என்றேன், புரிந்துகொண்டார்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடச் சொன்னேன், விட்டார்கள். வெளிச்சத்தில்தான் என் உயிரை வாங்கினார்கள்.

வகுப்பு நடந்தது ஒரு கிடங்கில். இரண்டு பக்கமும் புளி மூட்டைகள், நடுவில் ஒரு சந்து, வெளிச்சத்துக்கு ஒரே கதவு. ஆள் கதவைப் பார்த்து உட்கார்ந்தால்தான் முகம் துலங்கும். இவர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் ஆளின் முதுகைக் கதவுக்குக் காட்டி உட்காரவைத்தார்கள். கழுவின படமெல்லாம் கரிமூஞ்சி. கத்திக் கத்தி எனக்கே அலுத்துவிட்டது. செவிடன் காதில் ஊதின சங்கு.

இருந்ததில் கெட்டிக்காரன் வேடியப்பன். பரீட்சையில் தேறினால் அரசாங்கக் கேமரா கிடைக்கும். இல்லையென்றால் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு குடகுக்குக் காப்பித் தோட்டக் கூலியாகப் போகவேண்டும். அவனையே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கதவு தெக்க இருக்குது சார். உசுரோட இருக்கறவங்கள தெக்கப் பாத்து ஒக்கார வெக்க மாட்டோம். பொணத்தத்தான் அப்டி வெப்பாங்க."

முதல் வாரமே சொல்லித் தொலைத்திருக்கலாம். பரீட்சையும் அதே கிடங்கில், அதே கதவு வெளிச்சத்தில்தான். எனக்குத் தெற்கும் ஒன்று, வடக்கும் ஒன்று, நானே உட்காருகிறேன் என்றேன். தலையாட்டினான்.

பரீட்சையன்று வேலூர் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, கதவைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேடியப்பன் கேமராவில் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

"இப்டித் திரும்பி ஒக்காருங்க சார்."

"வேணாம்பா. கேமரா போய்டும்."

"போனா போவுது. உங்களப் போய் எப்டி சார் அப்டி வெப்பேன்?"

திரும்பினேன். வேறென்ன செய்வது.

சாயங்காலம் கழுவின படத்தில் எனக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இவன் தேறவில்லை என்றார். இத்தனை நாள் இவனுக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள் லத்தீப் சார் என்று கேட்டார். பெற்ற பிள்ளைகூட எனக்காக இப்படி ஒன்றை விட்டுக்கொடுத்ததில்லை.

வேடியப்பன் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசி பஸ் வந்துவிடும் என்று என்னை அவசரப்படுத்தினான்.