நாலு நாட்டுக்கும் பொதுவான ஒருத்தி

பொத்தானக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகள் வெள்ளிக்கிழமை நாலு நாள் லீவில் வருகிறாள். போன தடவை வந்தபோது தாயும் மகளும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில்தான் கிடந்தார்கள். "உன்னை இந்தக் கோலத்துல பாக்க முடியலம்மா, இனி வரமாட்டேன்" என்று அழுதுவிட்டுப் போனவள், ஒன்றரை வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது மனசு இறங்கியதற்குக் காரணம் அம்மா போனில் சொன்ன ஒரு வார்த்தை: "ரூம் கெடைச்சிருச்சுடி."

கிடைத்தது நிஜம்தான். சலவைக்கடை வாசலில் உட்கார்ந்து, வெளுக்க வரும் சட்டைகளுக்கு அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுப்பது அக்காவின் பிழைப்பு. கடைக்காரர் பின்கட்டில் இருந்த இஸ்திரி அறையைக் காலி பண்ணி, "வெள்ளிக்கிழமையிலேருந்து நீயே இருந்துக்கோக்கா" என்றுவிட்டார். வயசு அறுபத்துமூணு, புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம், இடது கால் சூம்பிப்போனது, தலைக்கு மேல் கூரை கிடையாது. இப்படிப்பட்டவளுக்கு ஒரு விடிவு வந்தால் நமக்கே சந்தோஷமாக இருக்காதா? ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டானே. புதன்கிழமை காலையில் அந்தப் பூசாரி காரில் வந்து இறங்கினார். சமூகநலத் துறை அலுவலரம்மா.

"அம்மா, வாழ்த்துகள்! நாலு நாட்டுலயும் சேர்த்து நீங்க ஒருத்தர்தான்!"

"என்னத்துல?" என்றாள் அக்கா, வாயிலிருந்த நூலை எடுக்காமல்.

இங்கேதான் நான் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்து நாலு நாடுகள், நலிந்தவர்களைச் சேர்ந்து காப்பாற்றுவோம் என்று ஒப்பந்தம் போட முப்பது வருஷமாகக் கூடிக்கூடிக் கலைந்தன. நலிந்தவர் யார் என்பதில் தகராறு. ஒரு நாட்டுக்கு அறுபது தாண்டியவர். இன்னொன்றுக்கு, பிள்ளைகளோடு சேர்ந்து வசிக்காத விதவை. மூன்றாவதற்குக் கைகால் ஊனமுற்றவர். நாலாவதற்கு வீடில்லாதவர். நாலு பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் லட்சக்கணக்கான ஜனம் பிழைத்திருக்கும். படித்த மேதாவிகள் அப்படிச் செய்வார்களா? "பொது ஒப்பந்தம் என்றால் பொதுவான ஆள்தானே" என்று, நாலில் ஒரு பட்டியலில் விட்டுப்போயிருந்தாலும் அந்தப் பேரைச் சிவப்பு மையால் அடித்தார்கள். இருபது குமாஸ்தாக்கள், மூன்று மாசம். அடிபடாமல் மிஞ்சியது ஒரே ஒரு பேர்.

"சனிக்கிழமை காலைல கையெழுத்து. மேடையில நீங்க இருக்கணும்" என்றார் அலுவலரம்மா.

"இருந்துட்டாப் போச்சு. என்ன குடுப்பாங்க?"

"அது ரெண்டாம் கட்டம்மா. ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்க இப்படியே இருக்கணும்."

"இப்படியேன்னா? எனக்கு நாளன்னைக்கு ரூம் வருதே!"

அலுவலரம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, ரூம் எடுத்தா நாலாவது நாட்டுப் பட்டியல்லேருந்து போயிடுவீங்க! பட்டியல்ல ஆளே இல்லாமப் போயிடும். முப்பது வருஷ உழைப்பும்மா!"

"யாரு உழைச்சா?" என்று கேட்டாள் அக்கா. அலுவலரம்மா காரில் ஏறிவிட்டார். மத்தியானம் நாடு ஒன்றுக்கு ஒரு காவலாளாக நாலு பேர் வந்து சேர்ந்தார்கள், அக்காவைப் பாதுகாக்க.

அடேயப்பா, என்ன பாதுகாப்பு! அடித்த மழையில் ஒரு புண்ணியவான் குடை பிடித்தான். நாலாவது நாட்டுக்காரர் பாய்ந்து மடக்கினார், கூரைக் கணக்கில் வந்துவிடுமாம். மருந்துக்கடைக்காரர் காலுக்குத் தைலம் கொடுத்தார். குணமாகிவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாவது நாட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார். சலவைக்கடைக்காரர் அக்காவிடம் ஒரு சட்டையை நீட்டினால் போதும், எங்கே கல்யாணத்தில் முடிந்துவிடுமோ என்று விதவை நாட்டுக்காரர் நடுவில் வந்து நின்று இருமுவார். பேரன் பேத்தி எடுத்த கடைக்காரர், வெட்கத்தில் சுருங்கிப்போனார். நிம்மதியாக இருந்தவர் வயசு நாட்டுக்காரர் ஒருவர்தான். வயசு எங்கே குறையப்போகிறது என்று படிக்கட்டில் சாய்ந்து குறட்டை விட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் மகள் போன் பண்ணினாள். "அம்மா, எல்லையில என்னை மட்டும் பஸ்ஸை விட்டு எறக்கி உக்கார வச்சிருக்காங்க. நான் வந்து உன்கூடத் தங்கினா உன் நிலைமை கெட்டுப்போயிடுமாம். என்னம்மா சொல்றாங்க இவங்க? லீவு முடிஞ்சதும் அப்படியே திரும்பிப் போன்னு சொல்றாங்க."

ஆற்றுத் தண்ணீருக்கும் மீனுக்கும் ஆண்டாண்டாக முட்டிக்கொள்கிற நாடுகள். ஒரு பொண்ணைத் தாயிடம் விடாமல் தடுக்க ஒரே போனில் ஒற்றுமையாகிவிட்டன. அக்காவுக்குக் கையில் இருந்த ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. இந்தத் தடவையும் பார்க்காமல் போனால் அவள் அப்புறம் எங்கே வரப்போகிறாள் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

சாயங்காலம் கடைக்காரர் ஒரு சட்டையை அக்கா மடியில் போட்டார். "பொத்தான் அறுந்திருக்கு, பாருக்கா." இருமல் வந்தது. சட்டையில் ஒரு பொத்தானும் அறுந்திருக்கவில்லை. சட்டைப் பையில் இஸ்திரி அறைச் சாவி கனத்தது.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. விழாத் தலைவர் ஒலிபெருக்கியில் கேட்கக் கேட்க அக்கா பதில் சொல்ல வேண்டும். அதுதான் சடங்கு.

"வயது?"

"அறுபத்துமூணு."

கைதட்டல். முதல் நாட்டுப் பிரதிநிதி எழுந்து வணங்கினார்.

"கணவர்?"

"செத்துட்டாரு."

பலத்த கைதட்டல்.

"கால்?"

"சூம்பிப்போச்சு."

விசில்கூட யாரோ அடித்தார்கள். பூச்செண்டோடு நாலாவது நாட்டுப் பிரதிநிதி தயாராக எழுந்தார்.

"வீடு?"

அக்கா சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்தினாள். "இருக்கு."

பழக்கதோஷத்தில் ஒருத்தர் மட்டும் தட்டிவிட்டு நிறுத்தினார். மேடையில் நாலு தலைகள் கூடிக் குசுகுசுத்தன. ஒருத்தர் தண்ணீர் குடித்தார், ஒருத்தர் பட்டியலைத் தலைகீழாகக்கூடப் பார்த்தார். காலி. சுத்தமாகக் காலி. அப்போது தலைவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைச் சொல்லி மாளாது.

"பெரியோர்களே! பொதுப் பட்டியலில் இன்று ஒருவர்கூட இல்லை. நலிந்தவர்களே இல்லாத பிராந்தியமாக நாம் ஆகிவிட்டோம்!"

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கண்ணீர் விட்டார்கள், நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வாசலில் மனுவோடு நின்றிருந்த கூட்டத்தைக் காவலர்கள் கலைத்தார்கள். "உங்களை மாதிரி ஆளுங்களே இல்லைன்னு உள்ள இப்பத்தான் அறிவிச்சாங்க, போங்க போங்க."

அக்கா நொண்டிக்கொண்டே போய் அலுவலரம்மாவின் கையைப் பிடித்தாள். "எம் பொண்ணை விட்டுடுவாங்களா?"

"இனிமே அவளை எதுக்கும்மா புடிச்சு வைக்கணும்? நீங்கதான் இப்ப யாருமே இல்லையே."

மத்தியானப் பஸ்ஸில் மகள் வந்தாள். இஸ்திரி அறையில் ஒரு பாய்க்குத்தான் இடம். அவள் பையைக்கூட இறக்காமல் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பவும் போட்டாள். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது, அழுதாள்.

"அழாதம்மா, அதான் வந்துட்டேனே. அந்த நாலு பேரும் உன்னை என்னதான் பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலடி" என்றாள் பொத்தானக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நாலு நாடும் ஒத்துமையா நின்னு என்னை நல்லாப் பாத்துக்கிட்டாங்க. ஒரு உதவியும் என்கிட்ட நெருங்கிடாம."