பாதி பாடும் கிற்றார்

அம்ரா, மின்சாரக் கிற்றாரில் செருகியிருந்த வயரை அரை விரல் அளவு வெளியே இழுத்துவிட்டுத் தடித்த கம்பியைத் தட்டினாள். நாற்பத்திரண்டு வருடமாக ஊமையாய்க் கிடந்த கம்பி கடை முழுவதும் ஒலித்தது. அண்ணாவின் கிற்றாரைக் கொண்டுவந்து கதிரையில் இருந்த சோபனா தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தக் கடையில் பள்ளிவாசல் மைக், வள்ளங்களின் ரேடியோ, கல்யாண மண்டப ஸ்பீக்கர் எல்லாம் திருத்துவார்கள். பெயர்ப்பலகையில் அம்ராவின் கணவர் ஹிஸ்புல்லாவின் பெயர்தான் இருக்கும். "அவர் மரத்தில ஏறி ஸ்பீக்கர் கட்டுவார், டீச்சர். உள்ளுக்குப் பாக்கிறது நான்தான்," என்று அம்ரா முதலிலேயே சொல்லிவிட்டாள். இப்போது அவள் வயரை முழுதாகத் தள்ளினாள். மெல்லிய மூன்று கம்பிகள் பாடின, தடித்த மூன்றும் அடங்கின. பாதி இழுத்தாள், தடித்தவை பாடின, மெல்லியவை அடங்கின. பிறகு வயர் செருகும் துளையின் சுரையைக் கழற்றி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் போன் வெளிச்சத்தில் காட்டினாள்.

"சாதாரண கிற்றாருக்கு இதில ரெண்டு கால்தான். இதுக்கு மூணு இரிக்கி. ஈயத்தப் பாருங்க, எல்லாம் ஒரே மங்கல். கிற்றார் செஞ்ச இடத்தில வச்சது, பிறகு ஒருத்தரும் கை வைக்கல்ல. மூணு கம்பிக்கு ஒரு வழி, மத்த மூணுக்கு வேற வழி. அந்தக் காலத்தில சிலதை இப்பிடியும் செஞ்சிரிக்காங்க. சாதாரண வயரைப் போட்டா ஒரு பக்கம் செத்துப் போகும்."

"விழுந்ததால இல்லையோ?"

"விழுந்திரிக்கி, விளிம்பில தெரியுது. ஆனா ஒண்டும் உடையல்ல."

அது விழுந்தபோது சோபனாவுக்குப் பன்னிரண்டு வயது. துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றின் எஞ்சினியரிடம் அண்ணா ஆனந்தராசா வாங்கிய கிற்றார் அது. சனிக்கிழமைகளில் நிலாவெளி ஹோட்டலில் வாசிப்பார். அவர் இல்லாத ஒரு மத்தியானம், குமிழ்களைத் திருகிப் பார்க்கும் ஆசையில் அதை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. அன்று பின்னேரம் அண்ணா வயரைச் செருகியபோது பாதிக் கம்பிகளில் சத்தம் வரவில்லை. அவர் ஏசவில்லை. அதை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டுத் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்குப் போனார். ஏசியிருந்தால் அவள் அன்றைக்கே அழுது முடித்திருப்பாள். அவளுக்கு வவுனியாவில் கிடைத்த வேலை வேண்டாம் என்று அவர் சொன்னபோதும், பேசி வந்த சம்பந்தம் சரிவராது என்று சொன்னபோதும் மறுத்துப் பேச வாயெடுத்தாள். சீமெந்தில் கிற்றார் மோதும் சத்தம்தான் முதலில் காதில் வந்தது. ஓம் அண்ணா என்றாள்.

சரியான வயர் எப்படி இருக்கும் என்று அம்ராவிடம் கேட்டாள்.

"ஒரு தலை, ரெண்டு வால்."

அதை அவள் கண்டிருக்கிறாள். கிற்றார் விழுவதற்கு முதல் நாள், வெருகல் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப்போன துவாரகன் வந்து நின்றான். ஒரே பாட்டை இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் கொடுக்க வசதி என்று அண்ணாவே அந்த வயரைச் சுருட்டி அவனிடம் கொடுத்தார். வயர் எல்லாம் ஒன்றுதானே, தன்னிடம் வேறு கிடக்கிறது என்றார். அது திரும்பி வரவேயில்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்குப் பின்னால் வந்தது பயம். அவள் உடைக்கவில்லை என்றால், அவர் தன் கையாலேயே பாதிப் பாட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அறுபத்தெட்டு வயதில் அதைக் கொண்டுபோய் அவர் முன் வைப்பதா?

"ரெண்டு வழியையும் ஒண்டாக்கிவிட்டா எந்த வயருக்கும் பாடும்," என்றாள் அம்ரா. "அரை மணித்தியால வேலை. ஆனா முந்தி எப்பிடி இருந்ததெண்டு பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. இல்லாட்டி இதுக்கேத்த வயர் ஒண்டு செஞ்சு தாறன்."

ஒன்றாக்கிவிட்டால் கதை சுலபம். சோபனா உடைத்தாள், அம்ரா திருத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டாளிகள் வரும்போது அண்ணா நிம்மதியாக வாசிப்பார். அவளும் உடைத்தவள் என்ற பழகிய இடத்திலேயே இருந்துவிடலாம். அந்த இடம் அவ்வளவு பழகியிருந்தது என்பதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அம்ரா ஈயக்கோலைச் சூடாக்கினாள். நுனியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"அதைத் தொட வேண்டாம்," என்றாள் சோபனா. "வயரைச் செய்து தாங்கோ."

வீட்டில் அண்ணா முழங்கால் நோவோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். கூட்டாளி ஒருவர் கொடுத்துவிட்ட ஸ்பீக்கர் பெட்டியில் அவளே வயரைச் செருகினாள். அவர் ஆறு கம்பிகளையும் ஒருமுறை வருடினார். கண்களை மூடிக்கொண்டு மறுபடி வருடினார். விரல்கள் தடுமாறின, பிறகு, எங்கே போகவேண்டும் என்று அவற்றுக்கு நினைவு வந்தது.

"எங்க உடைஞ்சிருந்ததாம், பிள்ளை?"

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

"ஒரு இடமும் உடையேல்ல, அண்ணா. நீங்கள் போட்ட வயர்தான் பிழை."

அவர் கண் திறந்தார். கிற்றாரிலிருந்து இறங்கிய வயரைப் பார்வையால் தொடர்ந்து போனார். அது இரண்டாகப் பிரிந்து பெட்டியின் இரண்டு துளைகளுக்குள் போயிருந்தது.

"துவாரகன்…" என்று தொடங்கினார்.

அவர் தொடங்கியதை எப்போதும் முடித்துக் கொடுப்பவள் சோபனாதான். இன்றைக்குப் பேசாமல் நின்றாள்.

அவருடைய கை மறுபடி கம்பிகளில் விழுந்தது. பிறகு, சத்தத்தை நிறுத்த உள்ளங்கையைப் பதித்தார். மேலேயிருந்த மூன்றுதான் அடங்கின. மிச்ச மூன்றும், அவர் விரல்கள் விரிந்து தேடி வரும்வரை, அறைக்குள் ஒலித்துக்கொண்டிருந்தன.