நாலு முதல் ஏழு வரை மணலில் நாய்கள் கூடாது

பூதலிங்கம் கடலின் மேல் ஓடிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து எழுபது கஜம் உள்ளே, மடித்துக் கட்டிய வேட்டியும் காக்கிச் சட்டையும் வாயில் விசிலுமாக, செம்பன் என்ற நாயைத் துரத்திக்கொண்டு ஓடினார். 1951 மேட மாதம், அதாவது சித்திரை, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. நாயின் வாயில் ஒரு காகிதம் இருந்தது. கமிட்டித் தலைவர் அதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் சங்குமுகம் கடற்கரையின் நாய்க் காவலர் வேலை பூதலிங்கத்துக்கு நிரந்தரமாகிவிடும். தலைவரின் கார் ஐந்தரைக்கு வருவதாக ஏற்பாடு. அதனால் காலுக்குக் கீழே மணல் முடிந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை அவர் கவனிக்கவில்லை. செம்பன் தண்ணீரின் மேல் ஓடுவதை ஊர் இரண்டரை வருஷமாகப் பார்த்துச் சலித்திருந்தது. ஆள் ஓடுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. கரையில் கடலை வறுத்துக்கொண்டிருந்த ஞானபாய், சட்டியிலிருந்து கரண்டியை எடுக்காமலே குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, கீழ பாக்காதீரும். பாத்தா முங்கிருவீரு. மொதல்ல காயிதத்தப் பிடியும்."

பூதலிங்கத்துக்கு நீச்சல் தெரியாது. பூதப்பாண்டியில் பிறந்து வளர்ந்தவர். ஆற்றிலேயே இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை.

செம்பன் கடலுக்குப் போன கதையைச் சொல்ல 1948ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு சங்குமுகத்தில் நாய்களுக்கென்று விதி கிடையாது. சாயங்காலம் காற்று வாங்க வருகிற மனிதர்களுக்குச் சமமாக நாய்களும் வந்தன. பெஞ்சுகளில் இடம் பிடித்தன, கடலைப் பொட்டலங்களை மடியிலிருந்து எடுத்துப் பிரித்துத் தின்றன. ஓய்வுபெற்ற ஒரு தாசில்தாரின் பல்செட்டைக் கவ்விக்கொண்டு போய் மறுநாள் அதே பெஞ்சில் திருப்பி வைத்த நாயும் உண்டு. மனுக்கள் குவிந்தன. கடற்கரை ஒழுங்குக் கமிட்டி என்று ஒன்று அமைந்தது. கமிட்டி ஏழு தடவை கூடி, எட்டாவது தடவை உத்தரவு போட்டது. விடிந்ததிலிருந்து மாலை நாலு மணி வரை நாய்கள் வரலாம். ஏழு மணிக்குப் பிறகும் வரலாம். நாலு முதல் ஏழு வரை மணலில் நாய்கள் கூடாது. மூன்று மொழிகளில் பலகை எழுதி நட்டார்கள். நாய்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஓர் உறுப்பினர் எடுத்துச் சொன்ன பிறகுதான் காவலர் ஒருவர் வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தக் காவலர்தான் பூதலிங்கம். வயது முப்பத்தெட்டு. அதற்குள் மூன்று வேலைகள் போயிருந்தன. ஆரியசாலை மிளகாய் மண்டியில் ஓயாமல் தும்மினார் என்று முதலாவது போயிற்று. அடுத்த தெருவில் அரிசிக்கடை. இது பழைய சரக்கு என்று வாங்க வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னார் என்று அதுவும் போயிற்று. மூன்றாவது கடை அவர் சேர்ந்த வாரமே மூடிவிட்டது. அதற்கு அவர் காரணமல்ல என்றாலும் யாரும் நம்பவில்லை. ஸ்ரீவராகத்தில் ஒரு பின்சந்து வீட்டில் அவரோடு குடியிருந்த மனைவி சரஸ்வதியம்மாள், வேலையில் சேரும் அன்று தானும் கூடவே கமிட்டி ஆபீசுக்கு வந்து, சேரும்வரை வாசலை விட்டு நகரவில்லை. ஆறு மாதத் தற்காலிக வேலை, ஆறு மாதம் கழிந்தால் மறுபடி உத்தரவு வர வேண்டும் என்றார்கள். "இதாவது நெலச்சு நிக்கணும், கேட்டேளா" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பூதலிங்கம் எட்டு வருஷம் சுமந்தார்.

முதல் நாள், நாலு மணிக்கு, மணலில் முப்பத்தொரு நாய்கள் இருந்தன. கம்பு கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். பூதலிங்கம் கொண்டு போகவில்லை. நடுவில் நின்று உத்தரவை முதலில் தமிழிலும் பிறகு மலையாளத்திலும் உரக்கப் படித்தார். செம்பன், பேருக்கேற்ற செம்பு நிறமும் ஒற்றைக் காதுமாக, கடைசிவரை கவனமாகக் கேட்டது. எழுந்தது. சோம்பல் முறித்தது. மேற்கே நடந்து, நுரையைத் தாண்டி, அலையின் மேல் ஏறி, பத்துக் கஜம் போய்த் தண்ணீர்மேல் உட்கார்ந்துகொண்டது. மற்ற முப்பதும் பின்னாலேயே போயின. ஏழு மணி அடித்ததும் வரிசையாகத் திரும்பி வந்தன. ஒன்றுக்கும் கால் நனையவில்லை.

கமிட்டி அவசரமாகக் கூடியது. கமிட்டியின் சட்ட உறுப்பினர் அழகியநம்பி பிள்ளை, வஞ்சியூர்க் கோர்ட்டில் நில வழக்குகளுக்குப் பேர்போன வக்கீல். உத்தரவை மூன்று முறை படித்துவிட்டு, மணலில் என்றுதான் இருக்கிறது, கடல் மணல் ஆகாது, ஆகவே நாய்கள் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கின்றன என்று அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தார். கட்டுமரக்காரர்கள், வலைமேல் நாய்கள் நடந்தால் மீன் ஒதுங்கிப் போகிறது என்று புகார் சொன்னார்கள். வலைக்குத் தெற்கே இருந்துகொள்ளும்படி பூதலிங்கம் நாய்களிடம் பேசினார், நாய்கள் ஒத்துக்கொண்டன. கோயில் சாமி கடலில் நீராட வருகிற ஆறாட்டு நாளில் யாரும் சொல்லாமலே வேளிப் பக்கம் போய்விட்டன. ஆறே மாதத்தில் சாலை, கரமனை, பேட்டை வட்டாரத்து நாய்களெல்லாம் மூன்றே முக்கால் மணிக்குச் சங்குமுகத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தன. அவை தெருவைக் கடப்பதைப் பார்த்து வீடுகளில் காப்பிக்கு அடுப்பு மூட்டினார்கள். தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் மட்டும் வாயைப் பிளந்தார்கள். அவர்களுக்கும் ஞானபாயிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கித் தின்று முடிப்பதற்குள் பழகிவிடும்.

இதில் வந்த ஒரே சங்கடம் பூதலிங்கத்தின் வேலைக்குத்தான். மணலில் நாயே இல்லாதபோது நாய்க் காவலர் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. சோதனையாக ஒரு நாள் அவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அன்றைக்கு நாலு மணிக்கு எல்லா நாய்களும் கடலை விட்டு இறங்கிக் கரைக்கு வந்து, நிலைமையைப் பார்வையிட வந்திருந்த கமிட்டி உறுப்பினர்களின் பெஞ்சுகளில் ஏறி, அவர்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டன. யாரையும் கடிக்கவில்லை. எழுந்திருக்கவும் விடவில்லை. பூதலிங்கத்தை ஆளனுப்பிக் கூட்டிவந்தார்கள். வேலை ஆறு மாதம் நீண்டது. இப்படி ஆறாறு மாதமாக இழுத்து, கடைசியில்தான் அந்த மேட மாதச் செவ்வாய்க்கிழமை, நிரந்தரம் செய்யும் காகிதத்தோடு அழகியநம்பி பிள்ளை கடற்கரைக்கு வந்தார். காற்றில் பறக்காமலிருக்கக் காகிதத்தின்மேல் பாதி தின்ற பருப்புவடையை வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அந்தச் சோதனை நாளைத் தவிர்த்தால், செம்பன் இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக நாலு மணிக்கு மேல் மணலில் கால் வைத்தது.

எண்பது கஜத்தில் பூதலிங்கம் நாயைப் பிடித்தார். வடை போயிருந்தது, காகிதம் இருந்தது. அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிய பிறகுதான் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே பச்சையாகத் தண்ணீர், அதற்குக் கீழே ஒரு மத்திக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஞானபாய் சொன்னதுபோல முங்கவில்லை. இனி யோசித்துப் பயனில்லை என்று செம்பனையும் கூட்டிக்கொண்டு நிதானமாக நடந்து கரை ஏறியபோது, தலைவரின் கார் வந்து நின்று ஐந்து நிமிஷமாகியிருந்தது. தலைவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேர் இருந்த இடத்தை நாய் தின்றிருந்தது. பேர் இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாது, புதுப் பிரதி எடுத்து அனுப்புங்கள் என்றார். அதோடு, காவலருக்குக் கடலில் நடக்க வருகிறபடியால் இனிமேல் கடலின் முதல் இருநூறு கஜமும் அவர் பொறுப்பு என்று அங்கேயே வாய்மொழியாக உத்தரவிட்டார். வாய்மொழி உத்தரவு மறுநாளே அமலுக்கு வந்தது. புதுப் பிரதி ஐந்து வருஷம் வரவில்லை.

அவருக்கு மட்டும் ஏன் என்பதுதான் பிறகு ஊர் முழுக்கக் கேள்வி. அழகியநம்பி பிள்ளையின் மைத்துனர், தேகப்பயிற்சி செய்கிறவர், நாலு பேர் பார்க்கக் கடலில் கால் வைத்தார். கட்டுமரக்காரர்கள் தூக்கி வந்து கவிழ்த்துப் போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு கல்லூரி வாத்தியார் கடல்நீரைக் குப்பியில் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதித்து, உப்பு வழக்கம்போலவே இருக்கிறது என்று அறிக்கை தந்தார். விரதமிருந்து முயன்றவர்களும் முங்கினார்கள், விரதமில்லாதவர்களும் முங்கினார்கள். ஞானபாய் தன் வேதக்கோயில் உபதேசியாரிடம் கேட்டுப் பார்த்தாள். "நாய்க்கூட நடக்கியவனப் பத்தி நமக்கு உபதேசம் ஒண்ணும் இல்ல பிள்ளே" என்று சொல்லிவிட்டாராம். சரஸ்வதியம்மாளோ முதல் ஒரு மாதம் நம்பவே இல்லை. கடலுக்குப் போகிற மனிதர் தினமும் காய்ந்த காலோடு வீட்டுக்கு வந்தால் யார் நம்புவார்கள்? தம்பானூர் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வருகிறார், இந்த வேலையும் போய்விட்டது என்றே முடிவு கட்டி, ஒரு நாள் பின்னாலேயே வந்தாள். நாலு மணிக்கு அவர் அலைமேல் ஏறுவதைப் பார்த்தாள். கடைசிவரை பார்த்துவிட்டு, அவர் கரை ஏறியதும், வேட்டியை இவ்வளவு தூக்கிக் கட்ட வேண்டாம், பெண்கள் வருகிற இடம் என்று சொல்லிக் கூட்டிப் போனாள்.

வருஷங்கள் போயின. கர்க்கடக மழைக்காலத்தில் கடல் செங்குத்தாக இருக்கும். ஏறி இறங்கிப் பூதலிங்கத்துக்கு முழங்கால் வலி வந்தது. மகர மாதத்தில் தரை மாதிரி இருக்கும். ஒரு குட்டித் தூக்கம்கூடப் போடுவார், செம்பன் காவல் இருக்கும். திசை தப்பிய கட்டுமரங்களுக்கு வழி காட்டினார். அடித்துப் போன இரண்டு குடைகளையும் ஒரு கல்லூரி மாணவரையும் மீட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மட்டும், உத்தரவு வருகிற வாரத்தில், சோறு இறங்காது. மற்றபடி குறை இல்லை.

1956 கன்னி மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி புது மாநிலம் பிறக்கிறது. தெற்குத் தாலுக்காக்கள் மதராசுக்குப் போகின்றன. தெற்கே பிறந்த ஊழியர்கள் எந்தப் பக்கம் இருக்கப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பூதப்பாண்டிக்காரரான பூதலிங்கம் இந்தப் பக்கம் என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் அவரைத் தாங்குகிற கடல் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. சுற்றறிக்கையின் அடியில் இன்னொரு வரி இருந்தது. ஊழியர் பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியோடு நீங்குகிறார்கள். கமிட்டி குமாஸ்தா தாசையன், பாறசாலைக்காரர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பதிவேட்டைப் புரட்டினார். பூதலிங்கம் என்ற பெயர் இல்லை. 1948இல் இல்லை, 49இல் இல்லை, எதிலுமே இல்லை. எட்டு வருஷம் கடலைக் காத்த மனிதர் காகிதத்தின்படி அங்கே வேலைக்கே வரவில்லை.

மூன்று நாள் அலமாரிகளைத் திறந்து தேடினார்கள். சரஸ்வதியம்மாள் தினமும் வந்து, சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, தூசி தட்டிக் கொடுத்தாள். பூதலிங்கம் நாலு மணி ஆனதும் கடலுக்குப் போய்விடுவார். வேலை இன்னும் போகவில்லை அல்லவா? அக்டோபர் முப்பதாம் தேதி மதியம், ஒரு மூலையில் கிடந்த வேறொரு பதிவேட்டைத் தாசையன் சும்மாதான் பிரித்தார். முதல் பக்கம், முதல் வரி. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். இருவரையும் உட்காரச் சொல்லிப் பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். பூதலிங்கம் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். இது அந்தக் காலத்துக் குமாஸ்தா பார்த்த வேலை என்று தாசையன் விளக்கினார். அன்றைக்கு இப்படி ஒரு பதவிக்கு மஞ்சூர் உத்தரவே வரவில்லை. நாலு மணிக்குள் ஆளை மணலுக்கு அனுப்ப வேண்டும். ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏறாமல் அனுப்ப முடியாது. கோடு போட்டு முத்திரை வைத்துத் தயாராக இருந்தது இது ஒன்றுதான். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருப்பார். அந்த நாளை வரவே இல்லை.

அழகியநம்பி பிள்ளையை வரவழைத்தார்கள். அவர் படித்து, மீசையை ஒதுக்கிக்கொண்டு, அபிப்பிராயம் சொன்னார். "பிழையத் திருத்தணும்னா திருத்தலாம் வேய். திருத்தினா நீரு ஊழியர். புது சர்க்கார் சம்மதிச்சாத்தான் வேல. திருத்தலேன்னா, இந்தப் பதிவேட்டுல ஏறினதுக்கு ஆயுசு மட்டும் கடற்கரையில அவகாசம், அதாவது உரிமை, உண்டு. எந்த சர்க்கார் வந்தாலும் எடுக்க ஒக்காது."

பூதலிங்கம் வாயைத் திறப்பதற்குள் சரஸ்வதியம்மாள் தாசையனைக் கேட்டாள். "திருத்தினா இவுக கடல்ல முங்கீருவாகளா, தம்பி?"

"அது ரூல்ல இல்ல அக்கா. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா திருத்த மாட்டேன்."

அவள் பதிவேட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். விரலை வைத்துக் கடைசிக் கட்டம்வரை படித்தாள். "அப்ப அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். "மத்தது எப்படியோ, கடைசியில எழுதியிருக்கது சரிதானே. இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா இவுக சோத்த வச்சுக்கிட்டு முழிக்கியதப் பாக்காண்டாம்." பூதலிங்கம் தலையாட்டினார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அன்று ராத்திரி மூன்றாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, புது மாநிலம் பிறந்தது. நாலு மணிக்குப் பூதலிங்கம் வேட்டியை அளவாக மடித்துக் கட்டிக்கொண்டு அலைமேல் ஏறினார். செம்பனும் மற்ற நாய்களும் வலைக்குத் தெற்கே அவருக்காகக் காத்திருந்தன. ஞானபாய் கடலை வறுத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடற்கரை ஒழுங்குக் கமிட்டியின் நாய் லைசன்ஸ் பதிவேடு, 1948, முதல் பக்கத்தின் முதல் வரி இப்படி இருக்கிறது:

எண்: 1. பெயர்: பூதலிங்கம். இனம்: நாட்டு இனம். நிறம்: மாநிறம். வால்: இல்லை. கடிக்குமா: கடிக்காது. உரிமையாளர்: சரஸ்வதியம்மாள், ஸ்ரீவராகம்.