இரண்டாவது இடத்தில் ஆஸ்பிரின்

புனிதாவுக்கு எதையும் அடுக்காக வைத்தால்தான் நிம்மதி. அந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஓர் உயிரையே குடித்துவிட்டது.

விழுப்புரத்தில் மாடியில் இரண்டே அறையில் நடக்கிற கம்பெனியில் அவள் புரோகிராமர். திண்டிவனத்து நர்சிங் ஹோம் ஒன்றுக்கு, எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று காட்டும் பகுதியை ஜாவாவில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். மருந்துகளை ‘எனம்’ என்கிற பட்டியலாக அடுக்கினாள்: ஒன்றுமில்லை, பென்சிலின், சல்ஃபா. நோயாளியின் பதிவில் மட்டும் மருந்தின் பெயரை வைக்காமல், பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணை வைத்தாள். போன வாரம் டாக்டர் ஆஸ்பிரினையும் சேர்க்கச் சொன்னார். கடைசியில் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இவளோ ஆங்கில அகரவரிசை பார்த்து, பென்சிலினுக்கு முன்னால் செருகினாள். பழைய பதிவுகளின் எண்கள் அப்படியே கிடந்தன. பெயர்கள்தான் ஓரிடம் தள்ளிப்போய், பென்சிலின் இருந்த இரண்டாவது இடத்தில் ஆஸ்பிரின் உட்கார்ந்தது.

பிரம்மதேசம் கிராமத்து வேணி, காலில் மண்வெட்டி பட்டு வந்தாள். அவளுக்குப் பென்சிலின் ஆகாது என்பது முன்பே பதிவானது. திரையோ ஆஸ்பிரின் ஆகாது என்றது. நர்ஸ் சவுரியம்மாள் பென்சிலின் ஊசி போட்டாள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

சேதி கேட்டதுமே தன் தப்பு புரிந்த புனிதா, இன்னொருவர் சாகக்கூடாதே என்று பதறி, ஆஸ்பிரினைக் கடைசிக்கு நகர்த்தினாள். மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் திறந்து பார்த்தபோது, வேணியின் பெயருக்கு நேரே பென்சிலின் என்றே இருந்தது. பழி முழுக்க நர்ஸின் தலையில் விழுந்தது.

“வாயத் தொறந்தா நீதான் ஜெயிலுக்குப் போவ,” என்றார் முதலாளி ராஜ்குமார்.

அப்படியும் மனசு கேட்காமல், உண்மையைச் சொல்லிவிடத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள்.

சவுரியம்மாள் வீட்டில்தான் இருந்தாள். “பாத்துக்கினுதாம்மா போட்டேன். ஆஸ்பிரின்னுதான் இருந்துச்சு. அப்புறம் நாலு பேரோட போய்ப் பாக்குறேன், பென்சிலின்னு நிக்குது. எங் கண்ணுதான் அவிஞ்சுபோச்சு. என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழம ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. நீதானே எனக்குக் கத்துக் குடுத்த, கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாம்மா?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது போய், ராஜ்குமார் சொன்ன ஜெயில்தான் புனிதாவின் நினைப்பில் நின்றது.

“விழுப்புரத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு சிஸ்டர்?” என்று கேட்டாள். கேட்ட வாயை அறுத்துப்போடலாம் போலிருந்தது.

சவுரியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் கண்ணை நம்பாமல், எழுந்து கிட்டப் போய் மறுபடியும் பார்த்தாள்.