கால் கோட்டில் நின்ற முள்

காரின் பின் இருக்கையைத் தூக்கி வெளியே வைத்தபோது, அதன் அடியில் மூன்று பேனாக்களும் மகள் பள்ளிக்கூடம் போன காலத்துக் கொண்டை ஊசி ஒன்றும் கிடந்தன. வேறொரு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதை வைத்தே அரை மணி நேரம் பேசியிருப்பார். இன்று அதை அப்படியே ஓரமாக ஒதுக்கி வைத்தார். சாயங்காலம் மகள் வருகிறாள், கார் சாவியை வாங்கிக்கொண்டு போக.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்தில் மூன்று முறை பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்டார். மூன்று முறையும் முள் கால் டேங்க் காட்டியது என்று அடித்துச் சொன்னார். கேனோடு ஓடி வந்த மகள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் முள் அடியில் படுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு நாள், கடைச் சாவியைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தது வேறு. மகள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, இனி ஓட்டக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். அவள் சத்தம் போட்டிருந்தால் இவரும் பதிலுக்குப் போட்டிருப்பார். நோயாளியிடம் பேசுவது போல மெதுவாகப் பேசியதால்தான் சாவியைத் தருவதாகச் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருந்தது. அவருக்கே இப்போது நிச்சயமில்லை. முள்ளை உண்மையில் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா?

மனைவி டெலிபோன் இலாகாவில் முப்பது வருடம் லைன் பழுது பார்த்தவள். ஊமையாகிப் போன எத்தனையோ போன்களைப் பேச வைத்தவள். லைன் சோதிக்கும் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவுகளை எல்லாம் விரியத் திறந்து வைத்து, இருக்கை இருந்த இடத்தில் முட்டி போட்டாள்.

"முன்னாடி உக்காந்து முள்ளைப் பாருங்க. பாத்ததை மட்டும் சொல்லுங்க, கதை வேணாம்."

கடைக்கு வருகிறவர்களை எல்லாம் எழுத்து வாசிக்கச் சொல்லியே பிழைத்தவர், இன்று பெண்டாட்டிக்கு முள்ளை வாசித்துக் காட்ட உட்கார்ந்தார். அவள் டேங்க் மேல் வந்து சேரும் வயரைக் கழற்றி, காரின் இரும்பில் தொட்டாள்.

"ஏறிடுச்சு. ஃபுல் காட்டுது."

"அப்ப முள்ளும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தன் கார் கெட்டுப் போயிருக்க வேண்டுமே என்று உலகத்தில் எவனும் இப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

"பாதி லைன்தான் பாத்திருக்கேன். அதுக்குள்ள மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க" என்றாள் அவள், நிமிராமலே.

வட்ட மூடியைத் திருகி, டேங்க்குக்குள் இருந்த கருவியை வெளியே எடுத்தாள். ஒரு கம்பி, அதன் நுனியில் மிதவை. மிதவை ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் முள்ளும் ஏறி இறங்க வேண்டும். வயரை மறுபடி மாட்டி, மிதவையைத் தூக்கி விட்டாள். முள் ஏறியது. கீழே தள்ளினாள். இறங்கியது. பத்துத் தடவை செய்தாள். முள் சொன்ன பேச்சைக் கேட்டது. "ஏறுது, இறங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் குரலும் அதோடு இறங்கிக்கொண்டே போனது. கடைசி இரண்டு தடவை தலையை மட்டும் ஆட்டினார், அவளுக்குத் தெரியாது என்பதையும் மறந்து.

பின்னால் அவள், "பெட்ரோல் என்ன, கல்லு விழுற மாதிரியா இறங்குது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மிதவைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெல்ல, மிக மெல்லக் கையைத் தாழ்த்தினாள்.

"முக்கால். பாதி. கால்... கால். இன்னும் கால்தான்."

"திரும்பிப் பாருங்க."

அவள் கை தரையில் இருந்தது. மிதவை அதற்கு ஒரு சாண் மேலே, பிடிப்பே இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அவர் மூச்சு விடாமல் பார்த்தார். அவள் நகத்தால் கம்பியைச் சுண்டினாள். பொத்தென்று விழுந்தது.

"கம்பி தேஞ்சு அந்த இடத்துல மாட்டிக்குது. வண்டி நின்னதும் ஓரம் கட்டத் தள்ளுவீங்கல்ல? அந்தக் குலுக்கல்ல விழுந்திருக்கு. அவ வந்து பாக்கிறப்ப காலி."

அவருக்கு எழுந்து தெருவில் ஓட வேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம். கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்.

"நீ என்னை நம்பினியா?"

"இல்ல" என்றாள். "நம்பியிருந்தா எதுக்கு இதைக் கழட்டப் போறேன்? கடைச் சாவியை உள்ள வச்சுப் பூட்டுனது நீங்கதான், அதுக்கு மீட்டர் வேணாம்."

நம்பினேன் என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு நிம்மதி வந்திருக்காது.

மகள் வந்தபோது யாரும் எதையும் விளக்கவில்லை. அம்மா செய்து காட்டினாள். மகள் கருவியைப் பிடுங்கித் தானே செய்து பார்த்தாள். ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை. பிறகு நல்ல உடையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வாரமா தூங்கலப்பா" என்றவள், அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, எரியுதே!"

"பெட்ரோல் கையோட கண்ணைத் தொடுவாளா ஒருத்தி!" என்று அம்மா கத்தினாள்.

அவர் மகளை முழங்கையைப் பிடித்துத் தூக்கி, வாசல் குழாயடிக்கு நடத்திக்கொண்டு போனார். "கசக்காதே. குனி. இப்ப திற, மூடு, திற." அவள் மூக்கு சிவக்கச் சிரித்துக்கொண்டே குனிந்திருந்தாள். உள்ளங்கையில் பிடித்த தண்ணீரை அவர் அவள் கண்ணில் விட்டார். தண்ணீர் வழிந்து அவர் செருப்பெல்லாம் நனைந்தது. மறுபடி கையைக் குவித்துக் குழாயடியில் நீட்டினார்.