குரோவுக்கு இரண்டு குழிகள்

கடப்பாரையும் மண்வெட்டிகளும் பனிச்சறுக்கு வண்டியில் கிடந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மேட்டின் உச்சிக்கு வந்ததும் ஆஸ்முண்ட் குதிரைகளை இழுத்து நிறுத்தினான். கீழே சாலை. சாலைக்குக் கிழக்கே ஒரு கோயில், மேற்கே ஒரு கோயில். இரண்டும் கிறிஸ்தவர்களின் லுத்தரன் கோயில், இரண்டும் வெள்ளை, இரண்டும் நார்வேயிலிருந்து வந்தவர்கள் கட்டியவை. அதில் புதிதாக ஒன்றுமில்லை. அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். இரண்டு கல்லறைத் தோட்டங்களிலிருந்தும் புகை எழும்பிக்கொண்டிருந்தது, அதுதான் புதிது.

ஜனவரியில் எங்கள் மினசோட்டாவில் கல்லறைத் தோட்டத்தில் புகை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம். கல்லாக உறைந்த மண்ணை வைக்கோலும் நிலக்கரியும் எரித்து இளக்கிக் குழி வெட்டுகிறார்கள். ஊரில் அன்றைக்குச் செத்துக் கிடந்ததோ ஒரே ஆள். ஆஸ்முண்டின் அம்மா, குரோ.

தப்பு அவனுடையதுதான். முந்தின நாள் போதகரிடம் போய் அம்மா இறந்ததைச் சொன்னான். அடக்கம் என்றைக்கு என்றும் சொன்னான். எந்தக் கோயிலில் என்று சொல்லவில்லை. போதகரும் கேட்கவில்லை. எங்கள் ஜனங்கள் சமுத்திரத்தைத் தாண்டி வந்தவர்கள். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால், வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

முதலில் ஒரே கோயில்தான் இருந்தது. புல்லோடு வெட்டிய மண்கட்டியைச் சுவராக அடுக்கி, அதற்குள் எலியோடும் பாம்போடும் குடியிருந்தவர்கள், தங்களுக்கு மரவீடு கட்டுவதற்கு முன்னால் கடவுளுக்குக் கட்டினார்கள். குரோவின் அப்பா ஆற்றங்கரையிலிருந்து மாட்டைப் பூட்டி மரம் இழுத்து வந்தார். பெண்கள் காலுறை பின்னி விற்றுப் பீடம் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி இடுகிற முட்டையெல்லாம் கோயிலுக்கே என்று சட்டம் போட்டார்கள். கோழிகளும் கட்டுப்பட்டன.

பிறகு சண்டை வந்தது. கடவுள் ஒருவனை ரட்சிப்புக்குச் சும்மா தேர்ந்தெடுக்கிறாரா, இவன் விசுவாசிப்பான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறாரா? கடவுளே பதில் சொல்லத் தாடையைத் தடவுகிற கேள்வி. எங்கள் ஆட்கள் பால் கறக்கும்போதுகூட இதையே பேசினார்கள். கடைசியில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய், சாலைக்கு எதிர்ப்பக்கம், கல்லெறி தூரத்தில், அதே அளவில் இன்னொரு கோயில் கட்டினார்கள். தள்ளிப் போய்க் கட்டியிருக்கலாம். ஆனால் எதிரிலேயே இருந்தால்தானே, தாங்கள் பிடித்தது தப்பு என்று அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு வாராவாரம் உறைக்கும்!

குரோ தன் அப்பா மரம் இழுத்துக் கட்டிய கிழக்குக் கோயிலிலேயே இருந்துவிட்டாள். அவள் புருஷன் டாலெஃப் மேற்கே போனார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க ஒரே வண்டியில் வந்தார்கள். அவள் இந்தப் பக்கம் இறங்குவாள், அவர் அந்தப் பக்கம் இறங்குவார். பையன் என்பதால் ஆஸ்முண்ட் அப்பாவோடு. ஞாயிற்றுக்கிழமை முட்டைகளைக்கூட அம்மா இரண்டு கோயிலுக்கும் சரிபாதியாகப் பிரித்தாள். ஒற்றை முட்டை மிஞ்சினால் அவித்து ஆஸ்முண்டுக்குக் கொடுத்தாள். அந்த வேதச் சண்டையால் லாபமடைந்த ஒரே ஆத்மா அவன்தான்.

மேலிடத்துச் சபைகளெல்லாம் எப்போதோ சமாதானமாகி ஒன்றாகிவிட்டன. கோதுமை விலை விழுந்த இந்தக் கஷ்டகாலத்தில் இரண்டு கோயிலுக்கும் ஒரே போதகர். ஒரே பிரசங்கத்தை இங்கே செய்துவிட்டு, சாலையைக் கடந்துபோய் அங்கேயும் செய்வார். சண்டையின் காரணம் செத்து வெகுகாலமாகிறது. அதை அடக்கம் பண்ணத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது அப்பா மேற்கே கல்லறையில் கிடக்கிறார், பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. அம்மாவின் ஆயுசோ கிழக்கே கழிந்தது. அவளை எந்தப் பக்கம் வைப்பது? வேலி தப்பாகப் போட்டால் பிடுங்கி நடலாம், இது அப்படியல்ல.

அவன் முதலில் மேற்கே போனான்.

"வாடா, முக்கால்வாசி ஆயிடுச்சு," என்றார் ஹெல்லெக் சித்தப்பா, அப்பாவின் தம்பி. மீசை முழுக்க உறைபனி. "உங்கப்பன் பக்கத்துலயே. நீ எதுக்கு மண்வெட்டியெல்லாம் தூக்கிட்டு வர்ற? சாவு வீட்டுக்காரன் குழி வெட்டுவானா?"

"சித்தப்பா, எதிர்ப்பக்கம் புகை வருதே."

ஹெல்லெக் திரும்பிப் பார்க்கவில்லை. "குப்பை எரிக்கிறாங்களா இருக்கும்."

"இந்தக் குளிர்லயா?"

"அவங்க எப்பவுமே ஒரு மாதிரிதானே."

ஆஸ்முண்ட் குழியைப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தான்.

கிழக்கே, மார்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தார் க்னூட் மாமா, குரோவின் அண்ணன். "வா மருமகனே. ஓரத்தைப் பாரு, நூல் பிடிச்ச மாதிரி இல்ல? அந்தப் பக்கத்து ஆளுங்க வெட்டினா கோணலாத்தான் போகும். அவங்க வேதமும் அப்படித்தானே."

"மாமா, அங்கயும் புகை..."

"அப்படியா? நான் பாக்கல. எனக்கு இப்ப கண்ணு சரியில்லப்பா."

போன மாதம் அந்தக் கண்ணால்தான் அவர் ஓடுகிற முயலைச் சுட்டார். ஆஸ்முண்ட் குனிந்து ஓரத்தைப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு, மாமா," என்றான்.

வீட்டில் அவன் மனைவி சிக்னே அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம்னு முடிவாச்சா?"

"ரெண்டு பக்கமும் வெட்டிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா வந்திருக்குன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

சிக்னே கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க வம்சத்துக்குக் கடவுள் வாயைக் கொடுத்தது காபி குடிக்க மட்டும்தானா?"

அவன் முன்னறைக்குள் போனான். அங்கே கணப்பு மூட்டவில்லை. கறுப்பு உடையில், கைகளை மார்பில் கோத்து, அம்மா பலகைமேல் கிடந்தாள். சிக்னே தலைமுடியை நன்றாக வாரிவிட்டிருந்தாள்; அம்மா அவ்வளவு நேர்த்தியாக என்றைக்குமே வாரிக்கொண்டதில்லை.

அவன் கேட்காமல் இல்லை. வம்சத்துக்கே இல்லாத தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, போன வாரம் படுக்கையருகே உட்கார்ந்து கேட்டுவிட்டான். "அம்மா, உன்ன எங்க வைக்கட்டும்?" அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எது கிட்ட இருக்கோ அங்க வை. குதிரைக்கு வீணா சிரமம் வேணாம்." வீட்டிலிருந்து இரண்டும் ஒரே தூரம். அது அவளுக்கும் தெரியும்.

அம்மாவின் குரலைப் பற்றி ஊரே பேசும். கிழக்குக் கோயிலில் ஆர்கன் கிடையாது, அவள் குரல்தான் ஆர்கன். வீட்டில் அவள் பாடியதில்லை, பசுவின் விலாவில் தலை சாய்த்துப் பால் கறக்கும்போது கொஞ்சம் முணுமுணுப்பாள், அவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டியும் ஆஸ்முண்ட் அம்மாவின் பக்கத்தில் நின்று ஒரு ஞானப்பாட்டுப் பாடியதில்லை. அப்படிப்பட்டவன்தான் அவளுக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மதியம் சாய்ந்ததும் உடலைப் பார்க்க ஹெல்லெக் வந்தார். அவர் தொப்பியைக் கழற்றுவதற்குள் க்னூட்டும் வந்துவிட்டார். இருவரும் முன்னறையில் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். பிறகு சமையலறையில் மேசைக்கு ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

"காத்து வடக்க இருந்து அடிக்குது," என்றார் ஹெல்லெக்.

"ஆமா," என்றார் க்னூட். "வடக்க இருந்துதான்."

உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவி இருவர் முன்னாலும் வைத்தாள் சிக்னே. காபியை ஊற்றினாள். "குழி ரெண்டு இருக்கு," என்றாள். "எனக்கு மாமியார் ஒருத்தர்தான். யாராவது வாயைத் திறங்க."

ஹெல்லெக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார், "பொண்டாட்டின்னா புருஷன் பக்கத்துலதான். இதுல பேச என்ன இருக்கு?"

"அவ எங்க கோயில் குரல்," என்றார் க்னூட். "உங்க கோயிலுக்குள்ள ஒரே ஒரு தடவை வந்தா, டாலெஃப் அடக்கத்தன்னைக்கு. அன்னைக்குக்கூட அவ பாடல. உயிரோட வராதவளை செத்தப்புறம் இழுத்துட்டுப் போவீங்களா?"

"எங்களுக்கும் அவ குரல் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

ஹெல்லெக் ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் காபியை உறிஞ்சினார். அது கரையும்வரை காத்திருந்தார். "எங்க கோயில்ல கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கு. டாலெஃப் வந்ததும் அதைத் திறப்பான். கோடைன்னா சரி. இவன் ஜனவரிலயும் திறப்பான். உறைஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும். முஷ்டியால ரெண்டு குத்து விடுவான். கேட்டா, வேர்க்குதுங்கறான். மீசைல பனி தொங்குது, இவனுக்கு வேர்க்குதாம்! சபைக்கூட்டத்துல கண்டிச்சுக்கூடப் பாத்தோம். மசியல."

அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் ஆஸ்முண்ட் வளர்ந்தான். குளிர்காலம் தோறும் காதுவலியில் அழுதான். அப்பாவுக்கு உஷ்ண உடம்பு என்று இத்தனை வருஷமாக அவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

க்னூட் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "ரெண்டு குத்தா?"

"ரெண்டு குத்து."

க்னூட் மேசைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "அந்தக் காலத்துல எங்க போதகர் பாட்டு நம்பரைச் சொல்லுவார்," என்றார் கடைசியில். "குரோ எழுந்து நிப்பா. ஆனா ஆரம்பிக்க மாட்டா. ஜனங்க இருமுவாங்க, காலை மாத்தி மாத்தி நிப்பாங்க. அவ சுருதி தேடுறான்னு நாங்க நினைச்சோம். அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொம், தொம்முனு சத்தம் கேக்கும். ஏதோ குதிரை கொட்டகையை உதைக்குதுன்னு நினைப்பேன்." நீவிக்கொண்டிருந்த விரல் நின்றது. "உடனே பாட்டை எடுப்பா."

சிக்னே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றுமில்லை.

"உங்க குழி எவ்வளவு ஆழம்?" என்றார் க்னூட்.

"அஞ்சடி."

"இன்னும் ஒரு அடி வெட்டுங்க. எங்களுது ஆறு."

ஹெல்லெக் தலையாட்டினார்.

"ஆராதனை எங்க கோயில்லதான். அதுல பேச்சுக்கே இடமில்ல," என்றார் க்னூட்.

"சரி."

"மாமா," என்றான் ஆஸ்முண்ட். "அப்போ நீங்க வெட்டின குழி?"

"பலகை போட்டு மூடி வை. எனக்கும் வயசாகுது. பண்ணின வேலை வீணாப் போகாது." க்னூட் ரொட்டியை எடுத்துக் கடித்தார். "வெண்ணெய் நல்லாயிருக்கும்மா."

மறுநாள் மேற்குக் கோயிலார் சாலையைக் கடந்து வந்தார்கள். முன்வரிசைகள் காலியாகக் கிடந்தும் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள். அதில் மட்டும் இரண்டு கோயிலாருக்கும் என்றைக்குமே கருத்து வேறுபாடு கிடையாது. ஆஸ்முண்ட் அந்தக் கோயிலுக்குள் வருவது இதுவே முதல் தடவை. கூரைக்கு நீலம் பூசியிருந்தார்கள். தூண்களில் கோடரி செதுக்கிய தடம் இன்னும் தெரிந்தது. தாத்தா இழுத்து வந்த மரம். சொந்தத் தலைக்குமேல் மண்கூரை ஒழுகும்போது இதைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். தூணைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. எல்லோரும் பார்ப்பார்களே என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

போதகர் பாட்டு நம்பரைச் சொன்னார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை. அங்கே பாட்டை ஆரம்பிக்கிறவள் பெட்டிக்குள் இருந்தாள். யாரோ இருமினார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. போதகர் புத்தகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

மாடு கூப்பிட மட்டுமே பழகிய தொண்டையால் ஆஸ்முண்ட் ஆரம்பித்தான். மிகவும் தாழ்ந்த சுருதி. மூன்றாவது அடி வந்தபோது பெண்களுக்கு இறங்கப் படியே இல்லை. ஆனாலும் ஒருவர்கூட விலகவில்லை. அத்தனை பேரும் அவனோடு அந்தப் பாதாளத்தில் இறங்கி, கடைசிச் சரணம்வரை மரியாதையாகப் பாடி முடித்தார்கள்.

கிழக்கிலிருந்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். சாலையின் நடுவில் மேற்கிலிருந்து ஆறு பேர் வாங்கிக்கொள்வது என்று பேச்சு. அவர்கள் வந்து கை கொடுத்தார்கள். ஆனால் பிடித்திருந்தவர்கள் விடவில்லை. விடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆறு பேர் தூக்குகிற பெட்டியைப் பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்து, "மன்னிக்கணும்", "பரவாயில்ல", "மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே குரோவை டாலெஃபின் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

குழியைப் போலவே சாப்பாடும் இரண்டாகத்தான் தயாராகியிருந்தது. இரண்டு கோயில்களின் நிலவறைகளிலும் பெண்கள் இறைச்சி வைத்த ரொட்டியும் கேக்குமாகக் காத்திருந்தார்கள். எந்தப் பக்கமும் மனம் நோகக்கூடாதே என்று ஊர் முழுக்க இரண்டு இடத்திலும் சாப்பிட்டது. அன்று மாலைவரை சாலையைக் கடந்தவர்களின் எண்ணிக்கை, கோயில் பிரிந்த நாளிலிருந்து கடந்தவர்களைவிட அதிகமாக இருந்திருக்கும்.

ஆஸ்முண்ட் மேற்கே சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே கிளம்பினான். யாரோ ஊற்றிக் கொடுத்த காபியை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே எடுத்து வந்துவிட்டான். சாலையின் நடுவுக்கு வந்ததும் நின்றான். அங்கேயே நின்று குடிக்க ஆரம்பித்தான்.

வடக்கேயிருந்து ஒரு பால் லாரி வந்தது. அவனுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்முண்ட் அவசரப்படாமல், காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.